சாவு சொன்னவர்களும் சாவு எழுதியவர்களும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் அயோத்திதாசரை நாம் இதழாசிரியராக நினைவுகூர்கிறோம், பௌத்தராக நினைவுகூர்கிறோம், தமிழர் வரலாற்றைத் தலைகீழாகப் புரட்டி வாசித்தவராக நினைவுகூர்கிறோம். அவர் ஒரு சித்த மருத்துவர் என்பதை மட்டும் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவரத் தொடங்கியபோது இந்தியாவில் பிளேக் நோய் பதினோராவது ஆண்டாக உலவிக்கொண்டிருந்தது. வாந்திபேதியும் வைசூரியும் மழையும் வெயிலும்போல வந்துபோன காலம் அது. நோயாளியின் நாடி பார்த்த அதே மனிதர்தான், அரசாங்கத்தின் மக்கள்தொகைக் கணக்கில் தம் மக்கள் எந்தப் பெயரில் ஏற வேண்டும் என்றும் விடாமல் எழுதினார். உடலும் கணக்கும் அவருக்கு வேறு வேறு விஷயங்களாக இருக்கவில்லை.

அந்த இடத்திலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறோம். தொற்றுநோயைக் கட்டுப்படுத்த தேசிய அளவில் சுகாதாரத் தரவு அமைப்பைப் பலப்படுத்த வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு அரசும் சொல்கிறது, உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நாமும் அதையே சொல்ல வந்திருக்கிறோம். ஆனால் அந்த அமைப்பு எப்படிப் பிறந்தது, யாருடைய சாவை எழுதியது, யாருடைய சாவை வெறும் 'காய்ச்சல்' என்று ஒதுக்கியது என்கிற வரலாற்றைப் பார்த்துவிட்டுச் சொல்ல விரும்புகிறோம்.

சேதி சுமந்தவரும் பேரேடு வைத்திருந்தவரும்

ஊரில் ஒரு சாவு விழுந்தால் அதைச் சுற்றுவட்டாரத்துக்குச் சொல்லும் வேலை யாருடையது என்று இந்த அவையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நம் தாத்தாக்கள் சாவு சொல்லப் போனார்கள். பத்து மைல், பதினைந்து மைல் நடந்து, வாசலுக்கு வெளியே நின்று, இன்ன ஊரில் இன்னார் போய்விட்டார் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். பறையடித்ததும் குழி வெட்டியதும் சுடுகாட்டில் இரவெல்லாம் காத்திருந்ததும் அவர்களே. ஒரு ஊரில் யார் எப்போது இறந்தார், எத்தனை நாள் படுத்திருந்தார், கழிச்சலா கொப்புளமா என்பது வெட்டியானுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் பேரேடு அவரிடம் இல்லை. சென்னை மாகாணத்துக் கிராமங்களில் பிறப்பு இறப்பை எழுதியவர் கிராம முன்சீப், அல்லது கர்ணம். பரம்பரைப் பதவி, பெரும்பாலும் மேல்சாதியார் கையில் இருந்த பதவி. கிராமத்தில் எழுதப்பட்ட கணக்கு தாலுகா கச்சேரிக்குப் போகும், அங்கிருந்து மாவட்டத்துக்கு, பிறகு மாகாணத்தின் சுகாதார ஆணையருக்கு. 1899இல் சென்னை மாகாணம் பிறப்பு இறப்புப் பதிவுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. சட்டம் வந்தாலும் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த தூரம் குறையவில்லை. கர்ணம் சேரிக்குள் வருவதில்லை. சேரிச் சாவை வெட்டியானோ தலையாரியோ போய்ச் சொன்னால் ஏறும். சொல்லவில்லை என்றால், அல்லது சொல்லியும் அவர் எழுதவில்லை என்றால், அந்த மனிதர் இறக்கவே இல்லை.

வட இந்தியாவிலும் இதே அமைப்புதான். அங்கே சௌகிதார் என்ற ஊர்க்காவல்காரர் காவல் நிலையத்துக்குப் போய்ச் சாவுகளைச் சொல்வார். அவர்களிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஏராளம். எழுதப் படிக்கத் தெரியாத அவரிடம் நோயின் பெயரைக் கேட்டால் அவர் சொல்லக்கூடியது காய்ச்சல் என்பதே. அதனால் பிரிட்டிஷ் இந்தியாவின் சுகாதார அறிக்கைகளில், ஆண்டுதோறும் பதிவான சாவுகளில் பாதிக்கும் மேல் காய்ச்சல் என்ற ஒரே தலைப்பின் கீழ் குவிந்து கிடந்தன. மலேரியா, டைபாய்டு, காசநோய், பட்டினி எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்தன. சௌகிதாருக்கு அறிவில்லை என்று அன்றைய அதிகாரிகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவரைப் பள்ளிக்கூடத்துக்குள் விடாத சமூகத்தைப் பற்றி அந்த அறிக்கைகள் பெரிதாகப் பேசவில்லை.

யாருடைய உயிருக்காக எண்ணத் தொடங்கினார்கள்

இந்தியாவில் சுகாதாரக் கணக்கு முதலில் குடிமக்களுக்காகத் தொடங்கப்படவில்லை. 1857 கலகத்துக்குப் பிறகு இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் சுகாதார நிலையை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. 1863இல் அது தந்த அறிக்கை, இந்தியாவில் ஆண்டுக்கு ஆயிரம் பிரிட்டிஷ் சிப்பாய்களில் 69 பேர் இறந்துகொண்டிருந்ததைக் காட்டியது. போரில் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்களே அதிகம். சிப்பாயைக் காப்பாற்ற வேண்டுமானால் பாசறையைச் சுற்றியிருக்கும் கடைத்தெருவையும் சேரியையும் கவனிக்க வேண்டும் என்று புரிந்தது. 1864இல் மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் ஏற்பட்டன. அந்தத் தேவையிலிருந்துதான் நம் ஊர்ச் சாவுகளை எண்ணும் வழக்கம் விரிந்தது. நோய் பிறக்குமிடமாக நம்மைப் பார்த்த கண்தான் நம்மை முதலில் எண்ணியது.

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் கண்டறியப்பட்டபோது இந்தக் கண் வெளிப்படையாகத் தெரிந்தது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. சில பிரிவுகளே கொண்ட சிறிய சட்டம், அளவற்ற அதிகாரம் கொடுத்தது. வீடு புகுந்து தேடினார்கள், ரயிலில் இறக்கிச் சோதித்தார்கள், முகாமில் அடைத்தார்கள். நோயை மறைத்தார்கள் என்று ஏழைகள் மேல் பழி வந்தது. மறைத்தது உண்மைதான். நோயைச் சொன்னால் வீடு போகும், கூலி போகும், நோயாளி திரும்பி வரமாட்டார் என்று தெரிந்த பிறகு யார் சொல்வார்கள்?

அதே பம்பாயில் மாநகராட்சி ஆணையராக இருந்த ஸ்னோ, கடும் நடவடிக்கைகளைக் கண்டு அஞ்சி ஹலால்கோர்கள் எனப்பட்ட மலம் அள்ளும் தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடிவிட்டால் நகரமே வாழ முடியாத இடமாகிவிடும் என்று கவலைப்பட்டார். நகரம் அவர்களுடைய உழைப்பின் மேல் நின்றது அரசுக்குத் தெரிந்தே இருந்தது. பூனாவில் சாவித்ரிபாய் புலே தம் மகன் யஷ்வந்த்தின் சிகிச்சை முகாமுக்கு நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தப் பணியிலேயே நோய் தொற்றி 1897 மார்ச் 10 அன்று இறந்தார். சோதனை போட வந்த அரசுக்கும் நோயாளியைத் தூக்கிச் சென்ற சாவித்ரிபாய்க்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது. இருவருமே நோயைத் தேடிப் போனவர்கள்.

பதிவேடு என்றாலே நம் மக்களுக்கு உள்ள அச்சத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. 1871இல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டத்தைத் தமிழகத்தில் மக்கள் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். பேரை எழுதி, ரேகையை எடுத்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைத்த சட்டம் அது. எழுதப்படுவது என்பது கட்டப்படுவது என்று தலைமுறைகளாக உணர்ந்த மக்களிடம் இன்று போய், தரவு கொடுங்கள் என்று கேட்கிறோம். இந்த அச்சத்தை அறியாமை என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

1918: ஓர் அட்டவணை

முதல் உலகப் போரின் இறுதியில் வந்த இன்ஃபுளூயன்சா, உலகத்திலேயே அதிகமானோரைப் பலி கொண்டது இந்தியாவில்தான். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு இன்றுவரை ஒரே விடை கிடையாது. இந்திய அரசின் சுகாதார ஆணையர் நார்மன் வைட் 1919இல் சுமார் 60 லட்சம் என்றார். 1921 மக்கள்தொகைக் கணக்கு வந்தபோது அது 1.2 கோடியைத் தாண்டியது. 1951இல் மக்கள்தொகை ஆய்வாளர் கிங்ஸ்லி டேவிஸ் 2 கோடி வரை போனார். அண்மைக்கால ஆய்வுகள் 1.4 கோடியிலிருந்து 1.8 கோடி வரை சொல்கின்றன. ஒரு மதிப்பீட்டுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு கோடிப் பேர் காணாமல் போகிறார்கள். பதிவான சாவுகளும் பெரும்பகுதி பழையபடி காய்ச்சல் என்ற தலைப்பிலேயே ஏறின.

அந்த இருட்டில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. பம்பாய் நகரச் சுகாதாரத் துறை, இன்ஃபுளூயன்சா சாவுகளைச் சமூகவாரியாகப் பிரித்து எழுதியிருந்தது. ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு என்ற அந்த அட்டவணையில் ஐரோப்பியருக்கு 8.3. பார்சிகளுக்கு 9. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 18.4. சாதி இந்துக்களுக்கு 18.9. முஸ்லிம்களுக்கு 19.2. 'கீழ்ச்சாதி இந்துக்கள்' என்று எழுதப்பட்ட நம்மவருக்கு 61.6.

இந்த எண்ணை நிதானமாக வாசிக்க வேண்டும். நம்மவரில் பதினாறு பேருக்கு ஒருவர் இறந்திருக்கிறார். சாதி இந்துக்களைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஒரே நகரம், ஒரே கடற்காற்று, ஒரே கிருமி. வேறாக இருந்தவை அறையின் அளவு, கூலி, உணவு, தண்ணீர், படுத்தால் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் படுக்காமல் இருக்கும் வாய்ப்பு. நோய்க்குச் சாதி கிடையாது என்று நாம் மேடைகளில் சொல்லிவருகிறோம். கிருமிக்குச் சாதி கிடையாது என்பது சரி. சாவுக்குச் சாதி இருந்தது என்று இந்த அட்டவணை சொல்கிறது. சாதி என்ற கட்டம் அந்தப் பேரேட்டில் இருந்ததால் மட்டுமே நூறாண்டுகள் கழித்தும் நாம் இதைச் சொல்ல முடிகிறது. சென்னை மாகாணத்துச் சேரிகளில் 1918இல் என்ன நடந்தது என்பதை இதே துல்லியத்தோடு சொல்ல நம்மிடம் இப்படி ஓர் அட்டவணை இல்லை.

கட்டம் காணாமல் போன கதை

எண்ணிக்கை அரசியல் என்பதை அண்ணல் அம்பேத்கர் அறிந்த அளவுக்கு வேறு எந்தத் தலைவரும் அறிந்திருக்கவில்லை. 1932இல் லோதியன் தலைமையிலான வாக்குரிமைக் குழுவில் அவர் உறுப்பினர். தீண்டப்படாதோரின் எண்ணிக்கை எவ்வளவு என்ற கேள்வி அங்கே எழுந்தது. அதுவரை கணக்கெடுப்புகளில் கோடிக்கணக்கில் இருந்தவர்கள், பிரதிநிதித்துவம் என்ற பேச்சு வந்தவுடன் சில மாகாணங்களில் குறையத் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்தில் தீண்டாமையே இல்லை என்று சொல்லவும் ஆளிருந்தது. ஒதுக்கும்போது எண்ணிக்கை கூடுகிறது, கொடுக்கும்போது குறைகிறது என்பதை அம்பேத்கர் அங்கே நேருக்கு நேர் கண்டார். அந்தக் குழுவின் அறிக்கையோடு தனிக்குறிப்பும் எழுதினார்.

விடுதலைக்குப் பிறகு நடந்ததும் இதன் தொடர்ச்சிதான். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கில் பட்டியல் சாதியினர் எண்ணப்படுகிறோம். உயிரோடிருப்பவர்களின் கணக்கு அது. இறந்தவர்களின் கணக்கு 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி நடக்கிறது. அதன் இறப்பு அறிக்கைப் படிவத்தில் புள்ளிவிவரத்துக்கென்று ஒரு பகுதி உண்டு. இறந்தவரின் மதம் என்ன, தொழில் என்ன, மருத்துவம் பார்த்தாரா, புகையிலைப் பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்கிறது. பட்டியல் சாதியா, பழங்குடியா என்று கேட்பதில்லை. பள்ளியில் சேர்க்கும்போது கேட்கிறார்கள், வேலைக்கு மனுப்போட்டால் கேட்கிறார்கள், வாடகைக்கு வீடு கேட்டால் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். சாகும்போது மட்டும் யாரும் கேட்பதில்லை.

விளைவு என்ன? சாதிக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் சுற்றுவழியில் போக வேண்டியிருக்கிறது. 2022இல் வெளியான ஓர் ஆய்வு ஒன்பது மாநிலங்களில் எடுக்கப்பட்ட ஆண்டுச் சுகாதாரக் கணக்கெடுப்பைக் கொண்டு கணக்கிட்டது. உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுக்கும் மேல் குறைவு, ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு ஆண்டுக்கும் மேல் குறைவு என்று அது காட்டியது. பொருளாதார நிலையைக் கழித்துப் பார்த்தபோதும் இடைவெளி முழுதாக மறையவில்லை. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. நம் மாநிலத்தின் சுகாதாரக் குறியீடுகள் நாட்டிலேயே முன்வரிசையில் உள்ளவை என்று பெருமைப்படுகிறோம், அதற்குக் காரணமும் உண்டு. அந்தச் சராசரிக்குள் காலனிக்காரர்களின் ஆயுள் எவ்வளவு என்று கேட்டால் பேரேட்டில் பதில் இல்லை.

அஞ்சலட்டை முதல் கணினி வரை

நோய்த் தகவல் அமைப்பு இந்த நாட்டில் முடியாத காரியம் என்று சொல்பவர்களுக்கு நம் வட ஆற்காடே பதில். 1980களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் ஜேக்கப் ஜானும் அவருடன் இருந்தவர்களும் வட ஆற்காடு மாவட்டத்தில் ஓர் எளிய ஏற்பாடு செய்தார்கள். மருத்துவர்களிடம் அச்சிட்ட அஞ்சலட்டை இருக்கும். போலியோ, தட்டம்மை, மூளைக்காய்ச்சல் போன்ற நோய் என்று சந்தேகம் வந்தாலே எழுதித் தபாலில் போட வேண்டும். வந்த தகவல்களைத் தொகுத்து ஒரு செய்தி மடலாக அதே மருத்துவர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கொடுத்தவருக்குத் திரும்பி வந்ததால்தான் மறுபடி கொடுத்தார்கள். பிறகு கேரளத்திலும் இதே முறை பின்பற்றப்பட்டது.

1994இல் சூரத்தில் பிளேக் பீதி கிளம்பி லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். அதன் பிறகே தேசிய அளவில் நோய்க் கண்காணிப்புக்குத் திட்டம் வந்தது. 2004இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. துணைச் சுகாதார நிலையத்துப் பணியாளர் ஒரு படிவம், மருத்துவர் ஒரு படிவம், ஆய்வகம் ஒரு படிவம் என்று வாரம்தோறும் அனுப்பினார்கள். 2018 முதல் அது படிப்படியாகக் கணினித் தளத்துக்கு மாறியது. காசநோய்க்கு 2012 முதல் நிக்ஷய் என்ற தனித் தளம். தனியார் மருத்துவரும் காசநோயாளியைத் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணையும் அதே ஆண்டு வந்தது.

இவையெல்லாம் தேவையான வளர்ச்சி. ஆனால் கணினிக்குள் போகும் முதல் தகவல், யாரோ ஒருவர் ஒரு வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்டால்தான் கிடைக்கும். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுக்கப்பட்ட தீண்டாமை பற்றிய ஆய்வு 2006இல் நூலாக வந்தது. பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குப் போக மறுத்த கிராமங்கள் 33 சதவீதம் என்கிறது அது. மூன்றில் ஒரு ஊரில் தகவல் வாசலிலேயே நின்றுவிட்டது. கர்ணம் சேரிக்குள் வராத காலத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? மையத்தில் எத்தனை பெரிய சேமிப்பகம் இருந்தாலும், கேட்கப்படாத வாசலின் காய்ச்சல் அதில் இருக்காது.

வீட்டிலேயே நிகழும் சாவு கணக்கில் எவ்வளவு பெரிய ஓட்டையைப் போடும் என்பதற்கு ஒரு சான்று. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்துடன் சேர்ந்து பிரபாத் ஜா குழுவினர், சாவு நடந்த வீடுகளுக்கே போய் உறவினரிடம் நோயின் போக்கைக் கேட்டு எழுதி, மருத்துவர்களைக் கொண்டு காரணத்தை முடிவுசெய்தார்கள். 2010இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, ஆண்டுக்கு 70 வயதுக்குட்பட்ட சுமார் 2 லட்சத்து 5 ஆயிரம் பேர் மலேரியாவில் இறப்பதாகச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் அதுவரை இந்தியாவுக்குச் சொல்லிவந்த எண் 15 ஆயிரம். நிறுவனம் இந்த முடிவை மறுத்தது, விவாதம் நீண்டது. ஆனால் அந்தச் சாவுகளில் 86 சதவீதம் எந்த மருத்துவமனையிலும் நிகழவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் காடுகளில் ஆதிவாசிகள் வீட்டிலேயே இறந்தார்கள். மருத்துவமனையை மட்டும் எண்ணியவர்களுக்கு அவர்கள் தெரியவில்லை.

2021: எங்கள் நோட்டு

2021 மே, ஜூன் மாதங்களில் எங்கள் அமைப்புத் தோழர்கள் சிலர் ஒரு நீள நோட்டு வாங்கி, வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் காலனிகளில் வீடு வீடாகப் போனோம். பேர், வயது, தொழில், எத்தனை நாள் காய்ச்சல், மூச்சுத்திணறல் இருந்ததா, பரிசோதனை நடந்ததா, எங்கே உயிர் போனது, யார் தூக்கிப் போனார்கள் என்று எழுதினோம். அது ஆய்வு முறைப்படி எடுத்த கணக்கு கிடையாது. அதனால் அந்த நோட்டின் எண்களை இங்கே வைக்கவில்லை.

ஒரு வீட்டில் தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்தவர் இறந்திருந்தார். பரிசோதனை செய்யவில்லை. படுக்கை கிடைக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி எங்களைப் பார்த்துக் கேட்டார்: "எழுதிக்கினு போயி இன்னா தம்பி பண்ணப்போறீங்க? இதுக்கு முந்தியும்தான் எத்தினியோ பேரு வந்து எழுதிக்கினு போனாங்க."

எங்களிடம் பதில் இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி கொரோனாவில் இறந்தோர் குடும்பத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் நிவாரணம் என்று வந்தபோது அந்த அம்மாவுக்காக மனு எழுதிக் கொடுத்தோம். இறப்புச் சான்றிதழ் இருந்தது. ஆனால் நம் இறப்புச் சான்றிதழில் இறந்த தேதியும் இடமும் இருக்கும், காரணம் இருக்காது. பரிசோதனைத் தாள் எங்கே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மனு தள்ளுபடியானது. கணக்கில் ஏறாத சாவுக்கு நிவாரணம் கிடையாது. மலம் அள்ளியவர்களும் சுடுகாட்டில் நின்றவர்களும் அந்த மாதங்களில் இரவு பகலாக வேலை பார்த்தார்கள், சாவு எத்தனை என்று அவர்களுக்குத் தெரியும். மறுபடியும் பேரேடு அவர்களிடம் இல்லை.

நாடு முழுவதும் இதுதான் நிலை. 2021 முடிய இந்தியாவில் கொரோனா சாவு 4.81 லட்சம் என்றது அரசு. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நிகழ்ந்த சாவுகள் சுமார் 47 லட்சம் என்று மதிப்பிட்டது. அரசு அதை ஏற்கவில்லை. 2025 மே மாதத்தில்தான் 2021ஆம் ஆண்டின் பதிவுக் கணக்கை அரசே வெளியிட்டது. 2020இல் 81 லட்சமாக இருந்த பதிவான சாவுகள் 2021இல் 1.02 கோடியாகியிருந்தன. பதிவு கூடியதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்து வரும் கணக்கு எந்தத் தொற்றையும் தடுக்காது. அந்த ஆண்டு பதிவான சாவுகளிலும் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு.

நாம் கேட்பது

முதலாவது, வீட்டில் நிகழும் ஒவ்வொரு சாவுக்கும் காரணம் கேட்கப்பட வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, கேட்டு எழுத வேண்டும். 2023இல் திருத்தப்பட்ட பதிவுச் சட்டப்படி மருத்துவமனை இறப்புக் காரணச் சான்றின் பிரதியை உறவினருக்கும் தர வேண்டும். நல்ல திருத்தம். மருத்துவமனைக்கே போகாதவருக்கு அது என்ன செய்யும் என்பதே நம் கேள்வி.

இரண்டாவது, இறப்பு அறிக்கையின் புள்ளிவிவரப் பகுதியிலும் தொற்றுநோய்க் கணக்குகளிலும் பட்டியல் சாதி, பழங்குடி என்ற கட்டம் வேண்டும். சாதியை ஒழிக்கப் போராடுகிறவர்களே சாதியை எழுதச் சொல்கிறீர்களா என்று நம் தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பண்டிதர் காலம் முதல் நாம் பேரை மாற்றி எழுதப் போராடியவர்கள். 1922இல் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று அரசு ஆவணத்தில் எழுத வைத்ததும் அந்தப் போராட்டம்தான். பேரேட்டைக் கிழித்தெறியாமல் அதில் நாம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்காக அவர்கள் போராடினார்கள். 61.6 என்ற எண் எழுதப்படாமல் போயிருந்தால், கிருமி எல்லோரையும் சமமாகக் கொன்றது என்ற பொய்யே வரலாறாகியிருக்கும். 1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணப்போகும் 2027 கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. உயிரோடிருப்பவர்களை எண்ணத் தயாராகும் அரசு, இறந்தவர்களையும் எண்ணட்டும்.

மூன்றாவது, அந்தக் கட்டம் தனி மனிதரின் மேல் ஒட்டிய சீட்டாகக் கூடாது. தெருவில் தகரம் அடித்து, கதவில் ஒட்டுத்தாள் ஒட்டி, இது நோய் வீடு என்று ஊருக்குக் காட்டியதை 2020இல் பார்த்தோம். பெயரும் நோயும் சாதியும் சேர்ந்த தாள் காவல் நிலையத்துக்கோ, முதலாளிக்கோ, வீட்டுக்காரருக்கோ போகக் கூடாது. எண்ணுவது வேறு, அடையாளம் குத்துவது வேறு. கைரேகைச் சட்டத்தின் பேரப்பிள்ளைகளான நமக்கு இந்த வேறுபாட்டைச் சட்டத்தில் எழுதித் தர வேண்டும்.

நான்காவது, எடுத்த கணக்கு கொடுத்தவரிடம் திரும்ப வேண்டும். இது நடக்கக்கூடியதே. 2022 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' நடக்கிறது. புதிதாகக் கண்டறியப்பட்ட காசநோயாளியின் எடையும் உயரமும், காலில் வீக்கம், மூச்சின் வேகம், பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்பதைச் சுகாதாரப் பணியாளரே பார்த்து எழுதுகிறார். ஆபத்தான நிலை என்றால் உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எழுதிய எண் அன்றைக்கே ஒரு படுக்கையாக மாறுகிறது. தொடக்க வாரங்களில் நிகழும் சாவுகள் இதனால் குறைந்திருக்கின்றன. இதே கணக்கு ஊராட்சிவாரியாக, ஆள் பெயர் இல்லாமல், கிராம சபைக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். ஊரில் எத்தனை காய்ச்சல், காலனியில் எத்தனை காய்ச்சல், தண்ணீர்த் தொட்டி எப்போது கழுவப்பட்டது என்று அங்கே நாம் கேட்க முடிய வேண்டும்.

பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தது. அந்த இடத்துக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர்களில் இன்று நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். செவிலியராக, ஆய்வக நுட்பநராக, கணினியில் தரவு ஏற்றுபவராக நம் பெண்கள் இருக்கிறார்கள். சாவு சொல்லப் போனவரின் பேத்தி இன்று சாவை எழுதும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் இருக்கும் படிவத்தில் எழுத வேண்டியதற்கு ஒரு கட்டம் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அந்த நீள நோட்டு இன்னும் எங்களிடம் இருக்கிறது. எழுதிக்கொண்டு போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்ட அந்த அம்மாவிடம் இந்தச் சொற்பொழிவின் பிரதியோடு போவோம். நிவாரண மனுவை மறுபடியும் எழுதுவோம். இந்த முறை கணவரின் நோய் எத்தனை நாள், என்ன அறிகுறி, யார் சாட்சி என்று எல்லாவற்றையும் சேர்த்து எழுதுவோம்.

ஜெய்பீம்.